வெள்ளிக்கிழமை திறந்த சூளை

அன்பு மகனே,

மேல்படிப்புக்கு ஹாலந்து போகப்போவதில்லை, ஊருக்கு வந்து அப்பாவின் பட்டறையைப் பார்த்துக்கொள்ளப்போகிறேன் என்று நீ எழுதிய கடிதம் நேற்றுத் தபாலில் வந்தது. இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை அழுகை வந்தது, இரண்டாம் தடவை கோபம் வந்தது. கோபம் இன்னும் முழுசாக இறங்கவில்லை. அதனால் இதில் அங்கங்கே காரம் கூடியிருந்தால் பொறுத்துக்கொள். கடிதம் நீளமாகத்தான் போகும். உட்கார்ந்து படி, நின்றுகொண்டே மேய்ந்துவிட்டு மடித்து வைத்துவிடாதே.

செல்லையா மாமா பெங்களூருக்கு ரேடியோ சாமான் வாங்க வந்த இடத்தில் உன்னைப் பார்த்துச் சொன்னதை நீ அப்படியே எழுதியிருக்கிறாய். "ஒங்க அப்பா போனதுல இருந்து சரக்கு ஒண்ணுகூடத் தேறல மருமவனே. அம்மாவும் பாவம், என்னதான் செய்வா? ஆம்பளக் கை ஒண்ணு வேணும்லா." இதைச் சொல்லும்போது அவர் கண் கலங்கினார் என்றும் எழுதியிருக்கிறாய். கலங்கியிருக்கும். அவர் பொய் சொல்லுகிற ஆள் இல்லை. தன் ரேடியோக் கடையில் சம்பாதித்ததை உங்கப்பாவை நம்பி இந்தப் பட்டறையில் போட்ட ஒரே மனிதர் அவர்தான். உன்னிடம் அவர் சொன்ன நாள் வரைக்கும் அவர் சொன்னது முழுக்க உண்மையும்கூட. ஆனால் அவர் ரயிலேறித் திரும்பி வந்த பிறகு இங்கே ஒரு காரியம் நடந்தது. அது தெரியாமல் நீ ஒரு முடிவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய்.

முதலில் இருந்து சொல்கிறேன். உனக்குத் தெரிந்ததும் கலந்துதான் வரும். யுத்த காலத்தில் உங்கப்பா பட்டாளத்தில் வயர்லெஸ் பிரிவில் இருந்தார். திரும்பி வந்து பெங்களூரில் ஒரு ஆய்வுக்கூடத்தில் கொஞ்ச காலம் வேலை பார்த்தார். அங்கேதான் ஃபெரைட் என்கிற இந்தக் கருப்புப் பண்டம் அவரைப் பிடித்துக்கொண்டது. இரும்புத் துரு மாதிரியான சிவப்புத் தூள், நிக்கல் தூள், துத்தநாகத் தூள் மூன்றையும் அரைத்து, அச்சில் அழுத்தி, சூளையில் சுட்டு எடுத்தால் பீங்கான் மாதிரி ஒரு தண்டு வரும், ஆனால் காந்தம் அதை இழுக்கும், அதன்மேல் கம்பி சுற்றி ரேடியோவுக்குள் வைத்தால் வீட்டுக்கூரையில் ஏரியல் கட்ட வேண்டாம் என்று அவர் என்னிடம் சொன்னபோது, நான் சோற்றை வடித்துக்கொண்டிருந்தேன். "அதை எங்கன வச்சுச் செய்யப் போறிய?" என்று கேட்டேன். "சங்கரன்கோயில்லதான்" என்றார். சிரிப்பு வந்தது. தறிச் சத்தமும் மிளகாய் மூட்டையும் தவிர வேறு எதுவும் தெரியாத ஊரில் இந்த மனிதர் ரேடியோவுக்குள் வைக்கிற பண்டம் செய்யப்போகிறாராம். திருவேங்கடம் ரோட்டில் ஒரு பழைய பஞ்சுக் கிட்டங்கியை வாடகைக்குப் பிடித்து, செங்கலை அடுக்கித் தானே சூளை கட்டினார். உள்ளே ஒரு சின்ன அறை, அதைச் சுற்றிக் கரி எரியும். புகை உள்ளே போகாது, காற்று மட்டும் ஒரு துவாரம் வழியாகப் போகும். ஊரில் அதை 'அய்யாவோட அடுப்பு' என்றார்கள்.

அந்த அடுப்பில் நான் எப்படி வந்து மாட்டினேன் என்பது உனக்குத் தெரியும். அவருக்குப் பேச ஆள் வேண்டும். நீ பாளையங்கோட்டையில் படித்துக்கொண்டிருந்தாய். வீட்டில் இருந்தது நான் ஒருத்திதான். நான் எட்டாவதோடு நின்றவள், கெமிஸ்ட்ரி என்றால் என்ன என்று கேட்டால் மருந்துக்கடை என்பேன். ஆனால் தினமும் சாப்பிடும்போது ஒரு மனிதர் ஒரே விஷயத்தைப் பேசிக்கொண்டிருந்தால் காது என்ன செய்யும், வாங்கித்தான் வைக்கும். சிவப்புத் தூளில் இருக்கிற இரும்பு, பிராணவாயுவோடு நன்றாகச் சேர்ந்து நிறைந்து இருக்கிற இரும்பு. சூடு மிகவும் ஏறினால் அந்தப் பிராணவாயுவில் கொஞ்சம் கழன்று வெளியே போய்விடும். அப்போது சில இரும்பணுக்களிடம் ஓர் எலெக்ட்ரான் மிச்சமாக நிற்கும். அது சும்மா நிற்காது. பக்கத்து இரும்புக்குத் தாவும், அங்கிருந்து அடுத்ததற்குத் தாவும். அப்படித் தாவத் தாவ, மின்சாரம் ஓடக்கூடாத பொருளில் மின்சாரம் ஓடத் தொடங்கிவிடும். தண்டு காந்த வேலை பார்க்க வேண்டுமே தவிர, கம்பி வேலை பார்க்கக்கூடாது. பார்த்தால் ரேடியோ அலையின் பலத்தை அதுவே தின்று சூடாக்கிவிடும், கொழும்பு ரேடியோப் பாட்டு கொசுச் சத்தம் மாதிரிக் கேட்கும். சுட்ட தண்டு தேறியதா இல்லையா என்று பார்க்க அவர் மெக்கரை வைத்திருந்தார். கைப்பிடியைச் சுற்றினால் மின்சாரம் உண்டாகி, அது கசிகிற பொருளில் முள் படுத்தும், கசியாத பொருளில் முள் ஏறி நின்றும் காட்டுகிற அந்தப் பெட்டியை நீ மறந்திருக்கமாட்டாய். லீவுக்கு வந்தபோது இரண்டு கம்பியையும் இரண்டு கையில் பிடித்துக்கொண்டு "சுத்துங்கப்பா" என்று சொன்னவன் நீ. அவரும் சுற்றிவிட்டார். நீ துள்ளிய துள்ளலில் ஒரு தட்டுத் தண்டு கீழே விழுந்து உடைந்தது. அன்றைக்கு ராத்திரி இரண்டு பேருக்கும் நான் சோறு போடாமல் இருந்திருக்க வேண்டும், போட்டுவிட்டேன்.

இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. நிக்கல் கிடைக்காமல் போன சமயத்தில் அவர் மாங்கனீசு வாங்கிவந்து முயன்று பார்த்தார். அதே தூள் வேலை, அதே சூளை, அதே மாதிரி மெதுவாக ஆறவிட்டார். மெக்கரில் முள் நன்றாகத்தான் நின்றது, ஆனால் காந்த வேலை படுத்துவிட்டது. கேட்டால், "இதுக்கு ஆறும்போது காத்தே படக்கூடாதுல்லா. பட்டா மாங்கனீசு கெட்டுப்போவும்" என்றார். "முன்னமே தெரியுமா?" என்றேன். "படிச்சிருக்கேன். ஆனாலும் பாத்திரணும்ல?" என்றார். ஒரு மூட்டை மாங்கனீசு போனது. இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், ஒன்றுக்குச் சரியாக இருப்பது இன்னொன்றுக்குச் சரியாக இருக்காது. அதனால் சூளையைக் காட்டி வாழ்க்கைக்கு நான் ஏதோ பாடம் சொல்லப்போகிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே. எனக்கு அந்தப் பழக்கம் கிடையாது. சூளையில் என்ன நடந்ததோ அதை மட்டும் சொல்கிறேன்.

சித்திரையில் அவர் போனார். வாசலில் செருப்பை மாட்டக் குனிந்தவர் நிமிரவே இல்லை. காரியமெல்லாம் முடிந்து நீ பெங்களூர் போன பிறகு, நான் பட்டறைக்குப் போனேன். வீட்டில் உட்கார்ந்திருக்க முடியவில்லை, அவ்வளவுதான். அச்சுப் போடுகிற முப்புடாதி மட்டும் அங்கே இருந்தாள். பனவடலிசத்திரத்திலிருந்து தினமும் வருகிறவள், உனக்குத் தெரியும். "யக்கா, அழுத்தி வச்ச தண்டு அப்படியே கெடக்கு. சூளய மூட்டுவமா?" என்று கேட்டாள். மூட்டினோம். கரி போடுவதும், காற்று விடுவதும், சூடு போதுமா என்று காட்ட உள்ளே வைத்த மண் கூம்பு தலை சாய்கிறதா என்று துவாரத்தில் பார்ப்பதும் எனக்குப் பழகின வேலைதான். அவர் இருந்தபோதே பாதி நாள் நான்தான் பார்த்திருக்கிறேன்.

மறுநாள் செல்லையா அண்ணாச்சி வந்தார். வாசலிலேயே நின்றுகொண்டு சங்கடப்பட்டார். மனிதருக்குச் சொல்லவும் முடியவில்லை, சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை.

"தங்கச்சி, நீ தப்பா எடுத்துக்கிடாத. தூள அர, அச்சப் போடு, தீயக்கூட நீயே பாத்துக்கோ. சூளக் கதவ மட்டும் நீ தொறக்க வேண்டாம். மொதச் சரக்கு வெளிய வருத எடம் பாத்துக்கோ. மதுரக் கம்பெனிக்காரன் வேற இந்தச் சரக்கப் பாத்துத்தான் மேக்கொண்டு வாங்குவான்."

"பெறகு யாரு தொறக்க?"

"நான் வாரேன். வெள்ளிக்கெழம காலம்பற, ராகு காலத்துக்கு முந்தி நானே தொறந்து எடுத்துத் தாரேன். அம்பாளுக்கு ஒரு தேங்காயும் ஒடச்சிருவோம்."

சரி என்றேன். சண்டை போடத் தெம்பு இல்லை. அவர் சொன்னதில் ஊருக்கு விரோதமாக எதுவும் இல்லை. தாலி போனவள் எதிரே வந்தால் நடந்து போகிறவன் திரும்பிப்போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருகிற ஊர் இது. அந்த வெள்ளிக்கிழமை அவர் குளித்து, திருநீறு பூசி, கோயில் புற்றுமண்ணைக் கொண்டுவந்து குழைத்துச் சூளைக் கதவில் பொட்டு வைத்தார். சூடம் காட்டினார். பத்தரைக்கு ராகு காலம். பத்து மணிக்கெல்லாம் கதவைத் திறந்தாயிற்று. முதல்நாள் இரவுதான் கரி போடுவதை நிறுத்தியிருந்தோம். உள்ளே தட்டெல்லாம் செக்கச்செவேல் என்று இருந்தது. அனல் முகத்தில் அடித்ததில் அவர் இரண்டடி பின்னால் போனார், பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நீளக் கொக்கியால் ஒவ்வொரு தட்டாக இழுத்து மணலில் வைத்தார். நான் அவர் சொன்னபடி விலகி, அடுத்த அறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். தண்டுகள் சில டிக் டிக் என்று விரிசல் விடுகிற சத்தம் அங்கே கேட்டது.

விரியாமல் மிஞ்சியவற்றை மெக்கரில் வைத்துப் பார்த்தேன். முள் படுத்துக்கொண்டது. தண்டில் மின்சாரம் தாராளமாக ஓடியது. ஒன்று, இரண்டு என்றால் பரவாயில்லை, எதை எடுத்தாலும் அப்படித்தான். செல்லையா அண்ணாச்சி கடைக்குக் கொண்டுபோய் ஒரு ரேடியோவில் வைத்துக் கேட்டார், கரகரப்புதான் மிஞ்சியது. தூளில் ஏதோ கலப்படம் என்று நினைத்தோம். அடுத்த தடவை தூளை நான் இரண்டு மடங்கு நேரம் அரைத்தேன், எடையைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன், கூம்பு சாய்ந்ததும் சூட்டை அதற்கு மேல் ஏறவிடவில்லை. வெள்ளிக்கிழமை வந்தது, தேங்காய் உடைந்தது, கதவு திறந்தது, தண்டு கெட்டது. உங்கப்பா உயிரோடு இருந்தபோது இதே தூள், இதே சூளை, இதே கூம்பு. மாறியது ஒன்றே ஒன்றுதான் என்று ஊர் சொன்னது. அந்த ஒன்று நான். செல்லையா அண்ணாச்சி அப்படி வாயைத் திறந்து சொல்லவில்லை. அவர் சம்சாரம் சொன்னாள், தண்ணீர்ப் பைப்படியில், நான் கேட்கிற மாதிரியே. "அவ தொட்ட தூளுதான? பெறகு எப்படித் தேறும்?"

உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது, எனக்கும் மனசு ஆடிப்போயிற்று. மெக்கர் பொய் சொல்லாது என்று உங்கப்பா சொல்வார். அந்த மெக்கரே எனக்கு எதிராகச் சாட்சி சொல்கிற மாதிரி இருந்தது. தூளைத் தொடுவதற்கே கை கூசியது. முப்புடாதியிடம், "நீயே தூள அரைச்சிருட்டி, நான் தள்ளி நிக்கேன்" என்று சொன்னேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். "ஒங்களுக்குக் கிறுக்குப் புடிச்சிருக்கு" என்று சொல்லிவிட்டு, தூள் அளக்கிற மரக்காலை என் கையில் திணித்துவிட்டுப் போனாள். செல்லையா அண்ணாச்சி பெங்களூருக்கு வந்து உன்னைப் பார்த்தது இந்தச் சமயத்தில்தான். அவர் உன்னிடம் சொன்னது இதுவரைக்கும் உள்ள கதை.

அவர் திரும்பி வந்த வாரம் மறுபடியும் சூளை போட்டோம். மதுரைக்காரர்கள் இதுதான் கடைசி, இதுவும் சரியில்லை என்றால் வேறு ஆள் பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லியனுப்பிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை காலையில் அண்ணாச்சி வழக்கம்போலத் திறந்து தட்டுகளை இழுத்தார். கடைசி மூலையில் இருந்த ஒரு தட்டு மட்டும் வரவில்லை. அடியில் பூசியிருந்த மண் உருகித் தரையோடு ஒட்டிக்கொண்டுவிட்டது போலிருக்கிறது. கொக்கியைப் போட்டு ஆட்டினார், அசைத்தார், வேர்த்து வடிந்தது. அதற்குள் பத்தரை ஆகிவிட்டது. அவர் சட்டென்று கொக்கியைக் கீழே போட்டார்.

"ராகு காலம் வந்துட்டு. இனி எடுக்கப்பிடாது. மூடு, மூடு. கெடக்கட்டும்."

"மத்தியானத்துக்கு மேல வந்து எடுப்பியளா அண்ணாச்சி?"

"இன்னைக்கி இனி வேண்டாம். சனிக்கெழமயும் ஆவாது. ஞாயித்துக்கெழம பாப்போம். கெட்ட சரக்குதான, எங்க ஓடிப்போவுது?"

கதவை மூடி, விளிம்பில் களிமண்ணைப் பூசிவிட்டுப் போனார். வெளியே எடுத்த தண்டுகளை அன்று சாயங்காலம் அளந்தேன். முள் வழக்கம்போலப் படுத்தது. ஞாயிற்றுக்கிழமை அவருக்குக் கரிவலம்வந்தநல்லூரில் ஒரு கல்யாணம், அவர் வரவில்லை. நான் வந்தேன். அந்தத் தட்டை எடுக்க வேண்டும் என்றுகூட வரவில்லை, அடுத்த வேலைக்குச் சூளையைக் கூட்டிவைக்க வந்தேன். கதவைத் தொட்டேன், வெதுவெதுப்பாக இருந்தது. திறந்தேன். ஆம், நான்தான் திறந்தேன். உளியை வைத்து ஒரு தட்டுத் தட்டியதும் அது பெயர்ந்து வந்தது. தண்டு ஒன்றுகூட விரியவில்லை. பழக்கத்தில் ஒன்றை எடுத்து மெக்கரில் வைத்துச் சுற்றினேன். முள் ஏறிப்போய் அந்தக் கோடியில் நின்றது. சரியாகப் பிடிக்கவில்லை என்று நினைத்து இன்னொன்றை வைத்தேன், அதுவும் அப்படியே. தட்டில் இருந்த எல்லாவற்றையும் வைத்துப் பார்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

ஒரே தூள். நான் தொட்ட தூள். நான் எரித்த தீ. ஒரே சூளையில் ஒரே நேரத்தில் வெந்தவை. வெள்ளிக்கிழமை நல்ல நேரம் பார்த்து, சுமங்கலி வீட்டு ஆண்பிள்ளை கையால் எடுத்தவை எல்லாம் கெட்டுக் கிடந்தன. ராகு காலம், சனிக்கிழமை எல்லாவற்றையும் உள்ளே கழித்து, என் கையால் வெளியே வந்தவை நன்றாக இருந்தன. அப்போதுதான் உங்கப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னது காதில் ஓடியது. "சூடு ஏறுதப்ப உட்டத எல்லாம், ஆறுதப்ப காத்துல இருந்து திரும்ப வாங்கிக்கிடும். அதுக்கு நேரம் குடுக்கணும்." அவர் எப்போதும் வியாழன் இரவு தீயைத் தணித்துவிட்டு ஞாயிற்றுக்கிழமைதான் திறப்பார். நான் அதை அவருடைய சோம்பேறித்தனம் என்று நினைத்திருந்தேன். சனிக்கிழமை அவருக்கு எண்ணெய்க் குளியலும் தூக்கமும். கடைசியில் பார்த்தால் தண்டும் அவரோடு சேர்ந்து இரண்டு நாள் ஓய்வெடுத்திருக்கிறது. செக்கச்செவேல் என்று இருக்கும்போதே வெளியே இழுத்துப் போட்டால், போன பிராணவாயு திரும்பி வர நேரம் ஏது? மிச்ச எலெக்ட்ரான் அப்படியே உள்ளே உறைந்துவிடும். என் கையின் தோஷத்துக்குப் பரிகாரம் என்று செய்ததுதான் சரக்கைக் கெடுத்திருக்கிறது.

சிரித்தேன். தனியாக உட்கார்ந்து சத்தமாகச் சிரித்தேன். பிறகு அழுதேன், அதையும் சொல்லிவிடுகிறேன். அத்தனை நாளும் என் கையையே நான் அருவருத்துக்கொண்டு இருந்ததை நினைத்து அழுதேன். முகத்தைக் கழுவிக்கொண்டு, வெள்ளிக்கிழமை எடுத்த தண்டுகளில் விரிசல் இல்லாதவற்றைப் பொறுக்கி எடுத்துத் திரும்பவும் சூளையில் அடுக்கினேன். முழுச் சூடு வைக்கவில்லை. சிவந்து நிற்கிற அளவுக்கு வைத்து, காற்றுத் துவாரத்தைத் திறந்து வைத்து, தீயைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, அப்படியே ஆறவிட்டேன். முப்புடாதியிடம் மட்டும் சொன்னேன். அவள், "அண்ணாச்சி வந்து தொறக்காம நான் பாத்துக்கிடுதேன், நீங்க தூங்குங்க" என்றாள். நன்றாக ஆறிய பிறகு திறந்தோம். பெரும்பாலானவை தேறிவிட்டன. எல்லாமே என்று சொல்லமாட்டேன், சில தண்டுகளில் முள் பாதியிலேயே நின்றது. ஆனால் மதுரைக்கு அனுப்பும் அளவுக்கு நல்ல தண்டு சேர்ந்துவிட்டது.

செல்லையா அண்ணாச்சியை வரச்சொன்னேன். மெக்கரை அவர் முன்னால் நகர்த்திவைத்தேன். வெள்ளிக்கிழமைத் தண்டு ஒன்று, ஞாயிற்றுக்கிழமைத் தண்டு ஒன்று. அவர் ரேடியோக்காரர், யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. மாற்றி மாற்றி வைத்துக் கைப்பிடியைச் சுற்றினார். நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"அப்ப நான் வந்து தொறந்ததுதான் கெட்டதா?"

"நீங்க தொறந்ததால கெடல அண்ணாச்சி. சூடா இருக்கையில தொறந்ததால கெட்டுச்சு. நானே தொறந்திருந்தாலும் கெட்டுத்தான் போயிருக்கும்."

"ராகு காலத்துல சரக்க உள்ள எப்படி உடுதது?"

"ராகு காலத்துல கதவத் தொட வேண்டாம்னுதான நானும் சொல்லுதேன். வெள்ளி, சனி ரெண்டு நாளும் மூடியே கெடக்கட்டும். எனக்கு அதான வேணும்."

அவருக்கு அது பிடித்துப்போயிற்று. தான் சொன்னதும் நிற்கிறது, சரக்கும் நிற்கிறது. கொஞ்ச நேரம் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஞாயித்துக்கெழம யாரு தொறக்க?" என்றார். "இந்தத் தட்டயும் மதுரைக்குப் போற சரக்கயும் தொறந்து எடுத்தது யாரு?" என்று நான் திருப்பிக் கேட்டேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் பட்டறைப் பக்கம் வரவில்லை. அவர் மாறிவிட்டார் என்றெல்லாம் நான் கதை கட்டமாட்டேன். கடைக்குப் போகும்போது வழியில் என்னைப் பார்த்தால் இன்றைக்கும் சைக்கிளை அந்தச் சந்தில் திருப்பிக்கொண்டுதான் போகிறார். ஆனால் கதவை நான் திறக்கிறேன். மதுரையிலிருந்து சரக்கு நன்றாக இருக்கிறது, மேற்கொண்டு அனுப்புங்கள் என்று ஆள் வந்து சொல்லிவிட்டுப் போய்விட்டான். அதைக் கேட்டதும் அண்ணாச்சி சொன்ன முதல் வார்த்தை, "ஐயையோ, மருமவன வரச் சொல்லிட்டனே" என்பதுதான்.

ஆகவே நீ ஹாலந்துக்குப் போ. போகிறவனுக்குச் சில விஷயம் சொல்லுகிறேன், கேட்டுக்கொள். அங்கே சூட்டைத் தானாகவே கட்டுப்படுத்துகிற மின்சார உலைகள் இருக்கும் என்று எழுதியிருந்தாய். எவ்வளவு சூடு வைத்தோம் என்பதை எல்லோரும் எழுதிவைப்பார்கள். எப்படி ஆறியது, எந்தக் காற்றில் ஆறியது, யார் அவசரப்பட்டுக் கதவைத் திறந்தார்கள் என்பதை நீ விசாரி. ஒரு தண்டு கெட்டுப்போனால் தூளைப் பார், அச்சைப் பார், சூட்டைப் பார், ஆறியதைப் பார். தொட்டது யார் கை என்பதை, இவை எல்லாம் பார்த்து முடித்த பிறகு பார். அங்கேயும் யாராவது ஒருத்தன்மேல் பழி விழும், ஜாதி வேறாக இருக்கும், நிறம் வேறாக இருக்கும், அவ்வளவுதான். அது உன்மேலேயே விழவும் கூடும். விழுந்தால் என்னை மாதிரி நம்பிவிடாதே. குளிர் நாட்டில் தினம் தலைக்குக் குளிக்காதே. ஆட்டுக்கறி கிடைத்தால் சாப்பிடு, இங்கே கிடைக்கிற பிரியாணி மாதிரி இருக்காது, அதற்காகப் பட்டினி கிடக்காதே. அங்கே யாராவது பெண்ணைப் பிடித்துப்போனால் எனக்கு முதலில் எழுது. சண்டை போடுவேன், ஆனால் முதலில் எழுது.

பட்டறைக்கு நீ வேண்டியதில்லை. இதைப் படித்தால் உனக்கு வலிக்கும் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். தூள் அரைக்க முப்புடாதி இருக்கிறாள், சூளைக்கு நான் இருக்கிறேன், விற்க அண்ணாச்சி இருக்கிறார். எனக்கு நீ வேண்டும். சாயங்காலம் கதவைச் சாத்தும்போது வேண்டும், தட்டில் சோறு போடும்போது வேண்டும். ஆனால் அது வேறு. அதற்காக ஒருத்தன் கப்பல் டிக்கெட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டாம். கொடுத்துவிட்டு நீ வந்து என் எதிரே உட்கார்ந்தால், நீ போகாத ஊரைத்தான் தினமும் உன் முகத்தில் பார்த்துக்கொண்டிருப்பேன். அது எனக்கு ஆகாது.

பம்பாய்க்குப் போகுமுன் நாலு நாளாவது இங்கே வந்து இரு. அப்பாவின் காரியம் முடிந்து நீ பெங்களூருக்குக் கிளம்பிய அன்று, எல்லோரும் வாசலில் நின்றார்கள். நான் உள்ளறையில் கதவுக்குப் பின்னால் நின்றேன். புறப்படுகிறவன் எதிரே நான் வரக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை, நானே போய் நின்றுகொண்டேன். "அம்மா எங்க?" என்று நீ கேட்டது எனக்குக் கேட்டது. "உள்ள இருக்கா, நீ போ" என்று யாரோ சொன்னதும் கேட்டது. நீ திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாய் என்று முப்புடாதி பிறகு சொன்னாள். இந்தத் தடவை நான் உள்ளே போகமாட்டேன். பெட்டியைத் தூக்கிக்கொண்டு நீ வாசற்படி இறங்கும்போது, நேர் எதிரே தெருவில் நிற்பேன். யார் முகம் சுளித்தாலும் சரி. நீ என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் போக வேண்டும்.

உன் அம்மா